இருநூறில் எடுத்தவை

ஊலு நகரில் டிசம்பர்.
பத்தரைக்கு எட்டிப் பார்த்த சூரியன்
இரண்டு மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும்.
மிச்ச நேரமெல்லாம்
சமையலறை விளக்கை நம்பித்தான் எங்கள் முகங்கள்.

கேமராவோடு வந்த லென்ஸுக்கு
அந்த வெளிச்சம் போதாது.
பிஹ்லா மெழுகுவர்த்தி ஊதினால்
கன்னம் இரண்டும் புகை.
யல்மாரி ஓடினால்
சட்டை மட்டும் விழுகிறது, பையன் விழவில்லை.

ஐம்பதைப் போட்டுப் பார் என்று
இரவல் தந்தாள் ஆய்வகத்துத் தோழி.
நல்ல கண்ணாடி, குறை சொல்ல மாட்டேன்,
இருட்டிலும் இமைமுடி எண்ணலாம்.
எங்கள் சமையலறைக்குத்தான் அவ்வளவு நீளமில்லை.
பின்னால் போ என்றது, போனேன்,
முதுகில் ஃப்ரிட்ஜ்.
இன்னும் கொஞ்சம் என்றது.
கதவைத் திறந்து மாடிப்படியில் நின்று
சொந்த வீட்டைத் திருடனைப்போல் நோட்டம் விட்டு
எடுத்தேன்
மூவரில் இரண்டரைப் பேரை.

ஜூனில் லோஃபோட்டன் போகிறோம்.
கூடாரம், அடுப்பு, நாலு பேர் மழைச்சட்டை
எல்லாம் காரில் ஏற்றிக் கணக்குப் பார்த்த ரெய்மா
உன் கண்ணாடிகளுக்கு
ஒரு காலுறை அளவு இடம் என்றான்.
ஒரே ஒரு காலுறை.

எதை எடுத்துப் போவது?
ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
பதினோராயிரம் படங்களையும்
மில்லிமீட்டர் வாரியாக அடுக்கச் சொன்னேன்.

பதினெட்டு:
ஏரி, பாலம், ஏரி, மறுபடியும் ஏரி.
ஆளில்லை, இருந்தால் எள்ளளவு.

முப்பத்தைந்து:
உருட்டி உருட்டி விரல் வலித்தது.
மாவு ஒட்டிய மூக்கு,
சவ்னாவிலிருந்து வந்த சிவந்த காது,
உப்பு சரியா பார் என்று
ரெய்மா என் பக்கம் நீட்டிய கரண்டி.
கரண்டி எட்டுகிற தூரத்துக்கு
முப்பத்தைந்து என்று பெயர் போலிருக்கிறது.

அப்புறம் இருநூறு.
நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
அத்தனையும் ஒரே குளிர்காலம்.

பனிச்சறுக்கு அரங்கின் மறுகரையில் யல்மாரி,
ஹெல்மெட்டுக்குள் ஒரு மூக்கு.
நீச்சல்குளத்தின் எதிர்முனையில் பிஹ்லா,
துண்டு போர்த்திவிடும் கை ரெய்மாவுடையது.
பள்ளி வாசலில் மூவரும்.
அதைக் காரைவிட்டு இறங்காமல் எடுத்திருக்கிறேன்,
ஓரத்தில் வைப்பர் தெரிகிறது.

துய்ராவில் வாடகை அறையில்
நான் தனியாக இருந்த வருஷம் அது.
ஏன் போனேன், எப்படித் திரும்பினேன்
எதுவும் அந்தப் படங்களில் இல்லை.
தூரம் இருக்கிறது,
மில்லிமீட்டர் பிசகாமல்.

வேடிக்கை என்னவென்றால்
எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன.
பின்னணி வெண்ணெயாய் உருகி
முகம் மட்டும் தனியே நின்று,
பார்ப்பவர்கள் சத்தியம் செய்வார்கள்
நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று.

சனிக்கிழமை அந்த நீள லென்ஸைக்
கெய்யோ கடை மேசையில் வைத்தேன்.
ஊதினார், வளையத்தைத் திருகினார்,
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
புதுசு மாதிரி இருக்கே,
அதிகம் உபயோகிக்கலையோ?
ஒரு குளிர்காலம், என்றேன்.
தொண்ணூறு யூரோ.
பேரம் பேசவில்லை.
மேலே அறுபது போட்டு
முப்பத்தைந்து, ஒன்று புள்ளி எட்டு.

இருட்டுக்கென்று வாங்கியதை
இரவே வராத ஊருக்குக் கொண்டுபோனேன்.
மலை அடங்கவில்லை. பாதி மலை,
முழு ரெய்மா, அவன் பல்லில் ரொட்டித் துணுக்கு.
மூன்றாம் நாள் படகில்
அம்மா, கழுகு, கழுகு என்று
என் காதிலேயே கத்தினாள் பிஹ்லா.
அத்தனை பெரிய கடற்கழுகு,
மீனைக் கவ்வித் தண்ணீர் சொட்டச் சொட்ட
எங்கள் தலைக்கு மேலே திரும்பிற்று.
படத்தில் அது ஒரு காற்புள்ளி.

இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்:
அந்தப் பழைய லென்ஸ் இருந்திருந்தால்!
கழுகு கிடைத்திருக்கும், ஆமாம் என்கிறேன்.
இடது ஓரத்தில் கலங்கலாக,
பெரிதாக, நகத்தில் பாதிச் சாயம் போய்
வானத்தைச் சுட்டும் அவள் விரல்.