எண் நிற்கும்வரை

ஸ்டான்லியில் அந்த ஊசியைப் போடும்போது
"ஒரு ஆறு செகண்ட் ஒரு மாதிரி இருக்கும்மா"
என்றார் சின்ன டாக்டர்.
என்ன மாதிரி என்று கேட்பதற்குள்
நின்றது.
காசிமேட்டில் எல்லா விசைப்படகும்
ஒரே நேரத்தில் இன்ஜினை அணைத்தது போல.
பிறகு ஒவ்வொன்றாய்க் கிளம்பின.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு
எழுபத்தெட்டு ஆனது.
கட்டம் போட்ட காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார்கள்.
ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது அது.
"உயிருக்கு ஒன்றுமில்லை. கரண்ட்டு
ஒரு குறுக்குச் சந்தில் சுத்துது, அவ்வளவுதான்."
குறுக்குச் சந்தில் பிறந்து வளர்ந்தவள் நான்.
சந்துக்குள் மாட்டிய ஒரே ஒரு வண்டி
தெருவையே என்ன பாடு படுத்தும் என்று
எனக்கா தெரியாது?

வியாதி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.
வலது கையின் இரண்டு விரல் எப்போதும் கழுத்தில்.
குழம்பை இடது கையால் கிண்டப் பழகினேன்.
டீயை விட்டேன். ரயில்வே மேம்பாலப் படியை விட்டேன்.
ஏழுமலை பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டேன்:
இடப்புறம் சாய்ந்தால்
தலையணைக்குள் யாரோ ஓடுகிறார்கள்.
"இன்னா செலின், இன்னிக்கு எவ்ளோ?"
வஞ்சிரத்துக்கு விலை கேட்பது போலக் கேட்பான்.
சொல்வேன்.
சிரிக்க மாட்டான்.
அவனுக்கும் பயம் என்று
பீடிக்கட்டைக் குப்பையில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வருகையில்
கொருக்குப்பேட்டை கேட் விழுந்தது.
ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர்.
பின்னால் எங்கேயோ ஆம்புலன்ஸ்.
அது என்னைத் தேடி வரவில்லை, தெரியும்.
ஆனாலும் நெஞ்சு எழுந்து அதற்குப் பதில் சொன்னது.

வாயை மூடி, மூக்கைப் பொத்தி,
வயிற்றிலிருந்து முக்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ்.
முக்கினேன்.
பக்கத்தில் மீன் கூடைக்காரி. என் வயசுதான் இருக்கும்.
"இன்னாம்மா, வலி எட்த்துக்கிச்சா?"
"இல்ல. நெஞ்சு ஓடுது."
"ஓடட்டும் வுடு. எங்க பூடும்?
கேட்டு போட்டுக்கீறான்."

காலேஜ் பையன் சிரித்துவிட்டான்.
அவள் கூடையிலிருந்து
ஒரு பிடி ஐஸை அள்ளி
கேட்காமலே என் முகத்தில் அப்பினாள்.
அதனால் நின்றதா,
தானாகவே நின்றதா,
முதலில் அது அதுதானா, வெறும் பயமா,
இன்று வரை தெரியாது.
ராத்திரி முழுக்கக் கன்னத்தில்
கானாங்கெளுத்தி வாசம்.

எண்ணூரில் எண்ணுவதுதான் என் பிழைப்பு.
ஹைரோடு எடைமேடையில் பதினோரு வருஷம்.
டிரெய்லர் ஏறியதும் சிவப்பு எண் துள்ளும்:
முப்பத்தெட்டாயிரத்து நானூறு,
அறுநூறு, முன்னூற்றுச் சொச்சம்.
வண்டி உறுமும். கடல்காற்று தார்ப்பாயைத் தூக்கும்.
டிரைவர் ஜன்னலைத் தட்டி "சீட்டைக் குடும்மா" என்பான்.
"இன்ஜினை ஆஃப் பண்ணு. நிக்கட்டும்.
ஓடுற எண்ணுல சீட்டு அடிக்கக் கூடாது."
ஒரு நாளைக்கு எண்பது தடவை
இதை லாரிக்காரர்களிடம் சொல்கிறேன்.

மாத்திரை பாதி, காலையில்.
டீ அரை கிளாஸ், திருட்டுத்தனமாய்.
விரல் இன்னும் கழுத்துக்குப் போகிறது.
போனதும், போயிருக்கிறது என்று தெரிகிறது.
முன்பு அதுகூடத் தெரியாது.

நேற்று ராத்திரி மறுபடி வந்தது.
கரண்ட் இல்லை, கொடுங்கையூர்ப் புகை வேறு.
ஏழுமலை எழுந்து உட்கார்ந்தான்.
"எவ்ளோ?"
"இன்னும் நிக்கல. இரு."
இருட்டில் தடவித் தடவிப் போனான்.
ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது.
ஐஸ் தட்டைத் தரையில் தட்டும் சத்தம்.
ஒன்று.
இன்னொன்று.
கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.