ஏழாவது கிரீன்

தர்பூசணிக்காரர் பழுத்திருக்கா என்று காட்ட
முக்கோணம் போட்டு ஒரு துண்டு எடுப்பாரே,
அப்படி வெட்டி எடுத்தேன்
மில் கிளப்பின் ஏழாவது கிரீனில்.

மேலே நகக்கண் அளவு பச்சை.
அடியில் மண்.
நடுவில் ஒன்றரை விரற்கடைக்குப் பழுப்பு:
செத்த தண்டு, செத்த வேர்,
மட்காமல்
வருஷத்தின் மேல் வருஷம் படுத்துக் கிடப்பது.

செயலர் பொன்னுரெங்கம் சாருக்கு அதில்தான் பெருமை.
"கால் வச்சா கம்பளம் மாதிரி இருக்குல்லா?"
இருக்கு சார்.
ஊற்றுகிற தண்ணீர் கம்பளத்தோடு நின்றுவிடுகிறது.
வேர் அதற்குள்ளேயே சுருண்டு சுகம் கண்டுவிட்டது.
மோந்து பாருங்க என்று நீட்டினேன்.
கூமுட்டை வாடை.
கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மெஷின் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு வந்தது.
குழல் குத்திக் குத்தி எழும்ப
விரல் தடிமனில் மண்குச்சிகள்
வெளியே வந்து விழுந்தன.
வாரிக் கூடையில் போட்ட மாடத்தி சொன்னாள்:
"நல்லாக் கெடந்த புல்லுக்கு
அம்ம போட்ட மொகமா ஆக்கிட்டியளே."
உலகம்மாள் சிரிக்கவில்லை.
அவள் மகனுக்குப் போன மாசம்தான் அம்மை இறங்கியது.

ஆற்று மணலைப் பற்றிப் பேசவே கூடாது என்றது ஆபீஸ்.
உடைத்த மணலுக்கு முனை கூர்மை, வேருக்கு ஆகாது.
ரசீதோடு எங்கிருந்தோ வந்த அரை லோடை
மூன்று தடவை சலித்து
துளைதுளையாக விளக்குமாற்றால் தள்ளினோம்.
இடுப்பு இன்னும் பேசுகிறது.

சனிக்கிழமை போட்டி.
டாக்டர் ஜெபஸ்டியான் நாலடியில் நின்று தட்டிய பந்து
பல்லாங்குழிக் காயாய்
இதில் விழவா அதில் விழவா என்று தயங்கி
குழியைத் தாண்டிப் போயிற்று.
"எவம்வே இதப் பண்ணுனது?"
கையைத் தூக்கினேன்.
தொப்பியைக் கழற்றிவிட்டுத் தூக்கியிருக்கலாம்.

பதினோராம் நாள் ராத்திரி
பாபநாசம் மலையில் இறங்கிய மழை
விடிய விடிய விக்கிரமசிங்கபுரத்தை அடித்தது.
காலையில் ஏழாவதில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.
பழைய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி வெட்டினேன்.
மணல் நிரம்பிய துளை வழியே
நூல் மாதிரி ஒரு வெள்ளை வேர்
என் ஆள்காட்டி விரலை விட நீளமாய்
கீழே, கீழே.

காட்ட ஆளில்லை. மில் சங்கு ஊதவும் நேரமிருந்தது.
துண்டை அதன் இடத்தில் வைத்து
குதிகாலால் அமுக்கிவிட்டு
நடந்துபோய் எட்டாவதில் கால் வைத்தேன்.

மெத்து மெத்தென்று இருந்தது.