அங்க அடையாளம்

பகலெல்லாம் பத்திரப்பதிவு அலுவலகத்தில்
முகம் பிடிக்கிற வேலை எனக்கு.
'நேராப் பாருங்க. சிரிக்காதீங்க. கண்ணாடியக் கழட்டுங்க.'
விற்பவர் முகம், வாங்குபவர் முகம், சாட்சிகள் இரண்டு முகம்.
ஒரு நொடி. அடுத்து கட்டைவிரல்.
மஞ்சக்குப்பத்தில் என் கேமராவுக்கு முன்னால்
அழகாக இருந்தவர் யாருமில்லை.
ஒருத்தி மட்டும் கேட்டாள்,
இன்னொன்று எடுக்கலாமா என்று.
அண்ணனுக்கு வீட்டை விட்டுக்கொடுத்து
விடுதலைப் பத்திரம் எழுத வந்தவள்.

இப்போது லாரன்ஸ் ரோட்டில்
சவரிநாதன் ஸ்டூடியோ மாடியில்
என் மகளின் இருநூற்றுப் பதினேழு முகங்களுக்கு முன்னால்
உட்கார்ந்திருக்கிறேன்.
சென்னைக்கு இரண்டு அனுப்ப வேண்டும்.
இரண்டே இரண்டு.

வாய்ஸ் மெசேஜில் அந்தப் பெண் சொன்னது:
பொட்டு வேணாம், பவுடர் வேணாம்,
கோடு போட்டது, கார்ட்டூன் போட்டது வேணாம்,
முடி நெத்தியில விழக் கூடாது,
கண்ணுல வெளிச்சம் இருக்கணும் மேடம்,
கதவத் திறந்து உள்ள வர்ற கொழந்தையும்
போட்டோல இருக்கிற கொழந்தையும் ஒண்ணா இருக்கணும்.
கடைசியில் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது.
அதுதானே என் உத்தியோகம்.

முதல் நாற்பது தள்ளுபடி.
எல்லாம் ஆண்டுவிழாச் சிரிப்பு.
பல் மட்டும் சிரிக்க
கண் மணியடிக்கக் காத்திருக்கிறது.
அடுத்தவை, மின்சாரம் போய் வருவதற்குள் எடுத்தவை.
ஜன்னல் வெளிச்சம். தோள் தளர்ந்திருக்கிறது.
கீழே எந்த நடத்துநரோ
பண்ருட்டி பண்ருட்டி என்று கூவியிருக்க வேண்டும்,
ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

சவரிநாதன் மவுஸை நகர்த்தி
அவள் இடப் புருவத்துக்குப் போனார்.
'இந்தத் தழும்ப எடுத்துடலாங்க, ரெண்டு நிமிஷம்.'
வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
தேவனாம்பட்டினத்தில் ஊஞ்சல் சங்கிலி பட்ட இடம்.
மூன்று தையல்.
நாளைக்கு அட்டை தொலைந்தாலும்
தொலையாத ஆதார்.

சிப்காட்டில் ஷிப்ட் இடைவேளை.
தலைக்கவசத்தோடு வீடியோ காலில் வந்தவர்
நூற்றுப் பன்னிரண்டு என்றார்.
கழுத்தைச் சாய்த்து, கன்னத்தில் குழி விழ.
கல்யாண வீட்டில் எல்லோரும் கிள்ளுகிற கன்னம்.
எனக்கு எண்பத்தாறு.
வாய் மூடியிருக்கிறது.
சாப்ட்டுட்டேம்மா என்று சொல்வதற்கு முந்தைய நொடி.
டப்பா பைக்குள் அப்படியே இருக்கும்.
என் கண்ணுக்கு மட்டும் பிடிபடும் முகம்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
எண்பத்தேழில் அதையே மறுபடி செய்திருக்கிறாள்.
எண்பத்தெட்டில்
இன்னும் கொஞ்சம் சுத்தமாக.

நறுமுகை அதுவரை
சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள்,
ஆடுகிற பல்லை நாக்கால் நெம்பியபடி.
நீ சொல்லு என்றதும்
காலை ஊன்றி நிறுத்தினாள்.
நாங்கள் யாருமே நிற்காத ஒன்றில் விரல் வைத்தாள்.
நூற்றெழுபத்து மூன்று.
சிரிப்பில்லை, கோபமில்லை.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்,
அது அவள் பெயர் இல்லாததுபோல்.
'ஏன்டி இது?'
'இதுல யாருன்னு தெரியலல்ல.
அதான்.'

சவரிநாதன் சிரித்தார்.
எனக்கு வரவில்லை.
பதினோரு வருஷமாக
யாரென்று தெரிவதற்காகவே முகம் பிடிப்பவள் நான்.

எண்பத்தாறு போகட்டும்.
நூற்றெழுபத்து மூன்றும் போகட்டும்.
படிவத்தில் பெயர், வயது எட்டு, உயரம்,
ஊர் கடலூர், நீச்சல் தெரியுமா, அழ வருமா.
அங்க அடையாளத்துக்குக் கட்டமே இல்லை.
இருக்கும் என்று
இரண்டு முறை மேலும் கீழும் தேடினேன்.

'ஞாயித்துக்கிழமைக்குள்ள பல்லு விழுந்திடும்மா.'
'விழுந்தா மறுபடி வாங்க,' என்றார் சவரிநாதன்,
'அப்ப வேற மூஞ்சி.'
வேற மூஞ்சி, என்று சொல்லிப் பார்த்தாள்,
தரையை உதைத்து
நாற்காலியை இன்னொரு சுற்று விட்டபடி.