நீலப் பென்சில்

கோர்பி. சொந்தக்காரி ஓடிப்போய்விட்ட
ரொட்டிக் கடைக்கு மேலே ஓர் அறை.
கூரையில் ஓட்டை. ஓட்டைக்கு நேர்கீழே
அவளுடைய சூப்புக் கிண்ணம்.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே
லெப்டினன்ட் ரூபர்ட் ஹாஸ்கிங்
பிறர் கடிதங்களைப் படிக்கிறார்.

டெமோரா அஞ்சலகத்தில் பதினோரு வருடம்.
ஓர் உறையைக்கூட
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை.
தூக்கிப் பார்த்த ஒரு பையனை
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர்.
இப்போது நாற்பத்திரண்டு பேர்
ஒட்டாத உறைகளைக்
கொண்டுவந்து கொடுத்துவிட்டு
அவர் முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள்.

ஊர்ப் பெயர் கூடாது. ஆற்றின் பெயர் கூடாது.
எத்தனை பேர் போனோம், எத்தனை பேர் திரும்பினோம்,
கூடவே கூடாது.
காதல் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.
பேன் கடிக்கிறது என்று எழுதலாம்,
அது எதிரிக்கும் தெரிந்ததுதான்.

இரண்டு பெண்களுக்கு
ஒரே கடிதத்தை எழுதுகிறவன் மக்கின்ஸ்.
ஒருமுறை உறை மாறிப்போயிருந்தது.
ஹாஸ்கிங் சரியாக மாற்றி வைத்து ஒட்டினார்.
பழைய வேலை, விடுமா.

இரவில் முள்கம்பி வெட்ட ஆள் அனுப்புவார்.
விடிந்ததும் பணியாள் ஸ்டேபிள் வந்து
அவருக்கு முகம் மழித்துவிடுவான்.
பிறகு பென்சில்.

டெனிஸ் குவில்டி. பத்தொன்பது வயது.
ஆட்டு ரோமம் கத்தரித்த கை,
எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்.
'அம்மா, நாங்கள் இருப்பது'
அதற்கு அடுத்த சொல்லின் மேல் ஒரு கோடு.
நான்கு வரி தள்ளி
பென்சில் நின்றது.
கிண்ணம் நிரம்பி வழிகிற வரைக்கும் நின்றது.
பிறகு விழுந்த கோடு
தாளின் முதுகு வரை பதிந்தது.

ஏப்ரல் கடைசியில்
முழங்கால் உயரக் கோதுமைக்குள்
போனார்கள்.
குவில்டி அங்கேயே கிடந்தான்,
சாயங்காலம் தொடங்கி.
தூக்கிவர இருவரை அனுப்பினார்.
ஒருவன் திரும்பினான், வெறுங்கையோடு.
மூன்றாவதாக யாரையும் அனுப்பவில்லை.
விடிவதற்குக் கொஞ்சம் முன்பு
வயல் சத்தமில்லாமல் ஆயிற்று.

'உடனே. வலியே இல்லாமல்.'
பதினான்காவது தடவை எழுதுகிறார்.
அதிகாரியின் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை.
உறையின் மேல் அச்சடித்த ஒரு வரி:
'இதில் சொந்த, குடும்ப விஷயங்களன்றி
வேறொன்றுமில்லை என
என் மானத்தின்பேரில் உறுதி கூறுகிறேன்.'
கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

செப்டம்பர். பெரோன்.
கதவு நிற்கிறது, வீடு இல்லை.
கூட்டமண்ட்ராவிலிருந்து
நோரா குவில்டி எழுதியிருந்தாள்.
'ஐயா, உங்கள் கடிதத்துக்கு நன்றி.
வலிக்கவில்லை என்றீர்கள், சரி.
டெனிஸின் கடைசிக் கடிதத்தில்
இரண்டு இடத்தில் நீலக் கோடு இருக்கிறது.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
விரலால் தடவிப் பார்த்தேன்.
முதலாவது ஊர்ப் பெயராக இருக்கும்.
இரண்டாவது நீளமாக இருக்கிறது.
அவன் எனக்கு எழுதியது அது.
திருப்பித் தந்துவிடுங்கள்.'

மறந்திருந்தால் நன்றாயிருக்கும்.
நாற்பத்திரண்டு பேரின் வரிகளில்
எது எவனுடையது என்று குழம்பியிருக்கலாம்.

பேனா எடுத்தார்.
முதலில்: கோர்பி.
பிறகு, அவன் எழுதியிருந்தபடியே,
பிழையைக்கூடத் திருத்தாமல்:
'எங்க லெப்டினன்ட்டுக்கு ராத்திரியில்
கை நடுங்குதும்மா.
யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிருக்கார்.
நாங்களும் பாக்காத மாதிரியே இருக்கோம்.
பாவம், நல்ல மனுஷன்.'

இதை எழுதக் கூடாது என்று
எந்த விதியும் அன்றைக்கு இல்லை.

இரண்டு இடத்தில் மை சிந்தியது.
வேறு தாள் எடுக்கவில்லை.
கோதுமை வயலைப் பற்றியும் எழுதினார்,
எத்தனை மணி நேரம் என்பதை.
அடித்தார். மறுபடி எழுதினார்.

உறையைத் திருப்பினார்.
'சொந்த, குடும்ப விஷயங்களன்றி'
என்ற இடத்தை
இரண்டு தடவை படித்தார்.
கையெழுத்துப் போட்டார்.