மூவாயிரமாவது போர்ட்

ஐந்து கட்டளை.
பழைய கோப்புறையை அழி, பேக்கேஜ்களை இறக்கு,
கட்டு, சர்வரைக் கிளப்பு, பிரவுசரைத் திற.
ஆறு மாதமாக ஒவ்வொன்றாய் அடித்தேன்,
சங்கரா முள் குத்தி வீங்கிய விரலாலும்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை
முதலாவதை மறந்தேன்.
தேசப்பனின் ஐஸ் கம்பெனிப் பக்கத்தில்
நேற்றைய விலையே நின்றது.
பாருக்கு இருபது ரூபாய் குறைச்சல்.
பதினேழு விசைப்படகு ஏற்றிக்கொண்டு போய்விட்டன.
அவர் திட்டவில்லை.
"கம்ப்யூட்டரு கூடவா மறக்கும்?" என்றார்.
மறந்தது நான் என்று
நானும் சொல்லவில்லை.

அன்றிரவு எடிட்டருக்குள்ளேயே
ஒரு சின்னக் கோப்பு எழுதினேன்.
இது முடிந்தால் அது.
அது தவறினால் அங்கேயே நில், சிவப்பில் சொல்.
ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய்
இரண்டு மணி வரை இழுத்தது.
வேலைக்கொரு பெயர் கேட்டது; தேசப்பன் என்று வைத்தேன்.
ஓடி நின்றதும் திரையில்
'தேசப்பன் முடிந்தது' என்று வந்தது.
பதறிப்போய் 'ஐஸ்' என்று மாற்றினேன்.

இப்போது மூன்று பொத்தான், ஒரே அழுத்து,
பதினோரு விநாடி.

பதினோரு விநாடி கைக்கு வேலையில்லை.
காசிமேட்டு மாடி அறை. ஜன்னலுக்குக் கீழே
ஹார்பர் கேட்டுக்காகக் கன்டெய்னர் லாரிகள்
திருவொற்றியூர் வரை வால் நீட்டி நிற்கின்றன.
ஒரு டிரைவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்குகிறார்.
முன்வண்டி நகர்ந்தால்
பின்வண்டியின் ஹாரன் எழுப்பிவிடும்.
அதுவும் ஒரு ஏற்பாடுதான்,
யாரும் எழுதி வைக்காதது.

நேற்று அழுத்தினேன், கிளம்பவில்லை.
மூவாயிரமாவது போர்ட்டில்
ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்றது திரை.
ஆளில்லை. முந்தாநாள் நான் மூடாமல் விட்ட சர்வர்.
விலை கேட்க ஒருவரும் வராத வாசலில்
ராத்திரியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறது.
அதன் எண்ணைத் தேடிக் கொன்றேன்.
கொல்வதற்கென்று ஒரு வரி உண்டு,
அதையும் கோப்பில் சேர்த்துவிடலாம்.
இன்னும் சேர்க்கவில்லை.

மூன்றே முக்காலுக்குப் போன்.
பின்னால் ஐஸ் உடைக்கும் மெஷின் இரைச்சல்.
"பாருக்குப் பத்து ரூபா ஏத்திடு, பிலோமினா.
கரண்டு பூட்டுப் பூட்டு வருது."
எண்ணை மாற்றினேன், அழுத்தினேன்.
லைனிலேயே இருந்தார். மூச்சு கேட்டது.
"ஆச்சா?"
"ஓடுது" என்றேன்.
கீழே ஒரு லாரி
அரை அடி நகர்ந்து
நின்றது.