நாற்பத்தொரு கிலோ

சனி ஞாயிறில் நான்
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூடை இறக்குகிறவன்.
ஐம்பது கிலோ. முதுகு கொடுத்தால் ஒரே மூச்சு.
திங்கள் தொடங்கி வெள்ளி வரை
வெள்ளை மேலாடை, ஒட்ட வெட்டிய நகம்,
பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்பிரிவு, நோயாளர் பராமரிப்பு.
இருபத்தாறு பேரில் பெடியன்கள் இரண்டு.
மற்றவன் மார்ச்சில் நின்றுவிட்டான்.

"நர்ஸம்மா" என்று முடுக்கில் கூப்பிடுகிறார்கள்.
திரும்பிப் பார்ப்பேன். வேறென்ன செய்ய,
கூப்பிடுவது என்னைத்தானே.

வகுப்பில் ஒரு ரப்பர் ஆள் படுத்திருக்கிறார்.
இடது கை முழங்கையோடு கழன்று வரும்.
எதைக் கேட்டாலும் பதில் இல்லாததால்
அவருக்கு மந்திரி என்று பேர்.
தொட முதல் சொல்,
திருப்ப முதல் சொல்,
விரிப்பில் விட்ட சுருக்கம் முதுகில் புண்ணாகும்.
மந்திரிக்குப் புண் வராது.
ஒற்றைக் கையால் அவரைத் தூக்கிக் காட்டினேன் ஒரு நாள்.
எல்லாரும் கை தட்டினார்கள்.
செய்முறைக்குப் பத்துக்கு இரண்டு.

பெட்டைகள் ஒருவரை ஒருவர் கட்டிலில் கிடத்தி
முகம் துடைத்து, கஞ்சி பருக்கிப் பழகுவார்கள்.
எனக்குக் கிடக்க ஆளில்லை.
நான் கிடந்தாலும் துடைக்க ஆளில்லை.
நாடி பார்க்க விநாடி முள் வேண்டுமே என்று
நடைபாதையில் ஒரு மணிக்கூடு:
அறுநூற்றைம்பது சொன்னான், நானூற்றெண்பதுக்குத் தந்தான்.
என் மணிக்கட்டையே பிடித்துப் பிடித்து அலுத்து
தள்ளுவண்டி நிழலில் தூங்கிய
நாட்டாமை அந்தோனிமுத்துவின் கையைப் பிடித்தேன்.
கண்ணைத் திறக்காமல் கேட்டார்:
"என்னடா, மோதிரம் தேடுறியா?"

பிறகு மோதரையில், கடற்காற்று உப்புப் பூசிய
முதியோர் இல்லத்தில் மூன்று கிழமை.
ஏழாம் கட்டில், லியனகே மாத்தயா.
கால்மாட்டு அட்டையில் எடை: நாற்பத்தொன்று.
என் முதுகு உடனே கணக்குப் பார்த்தது,
ஒரு மூடைகூட இல்லை என்று.
கை கொடுத்து இழுத்தேன்.
அவர் கத்தியதில்
சன்னலில் இருந்த காகம் எழுந்து பறந்தது.

என் சிங்களம் சந்தைச் சிங்களம்.
கீயத தெரியும். அயின் வென்ன தெரியும்.
இங்கே எழுத முடியாத ஏழெட்டும் சுத்தமாக வரும்.
நோகிறதா என்று கேட்க
எந்த மூடைக்கும் தேவைப்பட்டதில்லை.

எட்டாம் கட்டில் விரிப்பை இழுத்து மடித்தபடி
நுஸ்கியா என் பக்கம் பாராமலே சொன்னாள்:
"ரிதெனவத. கேள்."

கேட்டேன்.
கிழவர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார்.
இடுப்பில் கை வைத்துக் காட்டினார், இடது பக்கம்,
பழைய சுருக்கு ஒன்றை அவிழ்ப்பது போல மெதுவாக.

முழங்காலை மடித்தேன். தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன்.
சொல்லிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.
சொல்ல என்ன இருக்கிறது என்னிடம்?
எண்ணத் தெரியும்,
லொறியடியில் மூடை எண்ணிய அதே வாயால்:
எக்கய்... தெக்கய்...
துனய் என்றபோது அவரும் தூக்கினார்.
தன்னைத்தானே, கொஞ்சம்,
நாற்பத்தொன்றில் ஆறோ ஏழோ இருக்கும்.
இத்தனை வருசத்தில் ஒரு மூடையும்
எனக்கு அப்படி உதவியதில்லை.

செய்முறைப் புத்தகத்தில் எழுதியது:
"நோயாளர் கதிரையில் அமர்த்தப்பட்டார்."
அதற்குத்தான் அங்கே இடமிருந்தது.

சனிக்கிழமை. லொறியில் பாதி இறக்கியாயிற்று.
அந்தோனிமுத்து வண்டியில் சாய்ந்து
மூச்சு வாங்க வாங்கக் கையை நீட்டினார்,
சிரிப்பாகத்தான்: "பாரடா நர்ஸம்மா."
நூற்று இருபத்தெட்டு.
சிரித்துக்கொண்டே இருந்தார்.
கையை விடாமல் இன்னொருக்கா தொடங்கினேன்.
முதலாளி மேலிருந்து என் பேரைச் சொல்லிக் கத்துகிறார்.
விநாடி முள் இன்னும்
பாதி வட்டத்தில் நிற்கிறது.