மிளகுக்கு இரண்டு பூட்டு

"எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றார் ஏட்டு பவுன்தாய்.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்.
"பூட்டு?"
பீரோவுக்கு உண்டு.
பேனா தாளில் இறங்கவில்லை.
"தோட்டா?"
பிஸ்கட் டப்பாவில், அதே இடுக்கில்,
ஈரம் அண்டாமலிருக்க ஒரு பிடி பச்சரிசி போட்டு.
அரிசியையும் எழுதிக்கொண்டார்.

எந்த இரவில் போனதென்றுகூட எனக்குத் தெரியாது.
எண்ணெய் போட்டுத் துடைத்தது ஆரஞ்சு பறிப்புக்கு முன்பு.
இல்லையென்று கண்டது
பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது.
சுவரில் குழல் சாய்ந்த தடம் மட்டும்,
கறுப்பாய், ஒரு முழம்.

களத்து அறையில் போன வருஷத்து மிளகு நாலு மூட்டை.
அதற்கு இரண்டு பூட்டு.
இரண்டும் திண்டுக்கல் பூட்டு,
சாவி என் அரைஞாணில்.
பவுன்தாய் அதைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான்
தாண்டிக்குடி மலைக்கு இத்தனை சத்தம் உண்டென்று தெரிந்தது.
பன்றி விரட்டும் வெடி.
காட்டுமாடு முட்டி முறியும் வேலிக்கால்.
நள்ளிரவில் பலாப்பழம் விழுவது.
யார் வீட்டுக் கல்யாணமோ, சரவெடி.
ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்காருகிறேன்,
என்னுடையதா, என்னுடையதா.

வெல்டர் சூசைராஜ் இரும்புப் பெட்டி அடித்துத் தந்தான்.
சுவரோடு நாலு போல்ட்.
தோட்டாவுக்குத் தனி அறை, தனிச் சாவி.
"உள்ளே என்னண்ணே வைக்கப்போறீங்க?"
தேர்தலுக்கு எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள்.
நான் புகார் ரசீதின் நகலைக் கொடுத்தேன்.

பங்குனியில்,
மங்களம்கொம்புப் பக்கம் விறகுக்குப் போன ஒச்சப்பன்
தொடையில் ரவை பாய்ந்து
வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.
ரொட்டியும் பழமும் வாங்கிப் போனேன்.
வலிக்கிறதா என்று கேட்க வாயெடுத்து
எத்தனாம் நம்பர் ரவை என்று கேட்டுவிட்டேன்.
"சார் எந்த ஸ்டேஷன்?" என்றான்.

நர்ஸ் தட்டைக் காட்டினாள்.
ஏழு.
ஒவ்வொன்றும் ஒரு மிளகு.
என்னுடையவை இதைவிடப் பெரியவை.
இது ஏதோ நாட்டுத் துப்பாக்கி.

பஸ்ஸில் ஏறும்போது நிம்மதியாக இருந்தது.
அய்யம்பாளையம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசியில்
அந்த நிம்மதி குமட்டிக்கொண்டு வந்தது.
ஜன்னலைத் திறந்தேன்.
கீழே காப்பிக்காட்டுக்குள் எங்கோ
ஒரு வெடி.

பக்கத்து சீட்டுக்காரர்
கண்ணைத் திறக்காமலே, "பன்றிக்கு" என்றார்.